சடை வளர்த்த கார்

கோயமுத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்குப் பின்னால் ஓடுகிற லேத்துச் சந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறுச்சாமியின் ரிமோட் காருக்கு முடி முளைத்திருந்தது. எப்படி முளைத்தது, ஏன் முளைத்தது என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால் அந்தச் சந்து இன்றைக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: முளைச்சுதுங், அவ்வளவுதானுங், உக்காருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க.

முடி யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அது ஆறுச்சாமியின் மனைவி மரகதத்தின் முடி. அந்த அடர்த்தியும், நெற்றியோரம் லேசாகச் சுருண்டு திரும்புகிற அந்தத் திமிரும் வேறு யாருக்கும் அந்தச் சந்தில் கிடையாது.

மரகதம் பம்ப் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிறவள். முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, ரேடியோவில் பாட்டு ஓட, பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சுற்றுவாள். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் விரல் சொல்லிவிடும். ஆறுச்சாமி கம்பெனியில் ஃபிட்டர். பிள்ளைகுட்டி இல்லை. ஐம்பதைத் தாண்டிய மனுஷன் ரிமோட் கார் ஓட்டுகிறாரே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சீட்டு இல்லை, குடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிக் கிடக்கிற மில் மைதானத்துக்குப் போய், முழங்கை நீளக் காரைக் கல்லிலும் மண்ணிலும் பறக்க விட்டு, உடைந்ததைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, கறிச்சோறு தின்று தூங்குகிற ஆம்பளையிடம் என்னத்தைக் குறை கண்டீர்கள்? அவர் ஓட்டுவார், அவள் சரி பண்ணுவாள். கல்யாண வாழ்க்கையில் பாதி அப்படியே ஓடிப்போயிருந்தது.

அந்தக் காரின் எலும்பெல்லாம் கார்பன் ஃபைபர். கறுப்பு நூலைத் துணியாக நெய்து, பசையில் ஊற வைத்துத் தட்டாக்கியது. பயங்கரக் கெட்டி, ஆனால் கல்லில் உரசி உரசி ஓரம் தேய்ந்தால் பழைய பாய் மாதிரிப் பிரிய ஆரம்பிக்கும், திருகாணி ஏறுகிற ஓட்டைகள் ஆடி ஆடி அகலமாகிவிடும். மரகதம் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஈரத்திலேயே ஓரத்தைத் தேய்ப்பாள், ஏனென்றால் காய்ந்தபடி தேய்த்தால் அந்தக் கறுப்புத் தூள் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிடும். தேய்த்துத் துடைத்துக் காய்ந்தபிறகு, நீர்த்த பசையைக் குண்டூசி முனையில் தொட்டு ஓரத்தில் ஓடவிடுவாள், அது தானாகவே நூலுக்குள் இறங்கிப் பிரிந்ததைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை அகன்றிருந்தால் அதைச் சுற்றிக் கார்பன் நூலை மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற அதே நேர்த்தியில் சுற்றி, இரண்டு டியூப் பசையைக் கலந்து அப்பி, துணிக்குப் போடுகிற கிளிப்பால் கவ்வ வைத்துக் காயவிட்டு, மறுபடி புதுசாகத் துளை போடுவாள். மைதானத்தில் மற்றவர்கள் தேய்ந்த தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தட்டு மாட்டுவார்கள். ஆறுச்சாமி மட்டும், "எனக்கெதுக்குங் புதுசு? என்ற ஊட்டுக்காரி பண்ணுனது கம்பெனித் தட்டை விட ஓடும்" என்று சொல்லிக்கொண்டு பழசையே ஓட்டுவார்.

அவருக்கு அவளுடைய முடி மேல் அப்படியொரு பைத்தியம். வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், சாம்பிராணிச் சட்டியை அவள் கையில் கொடுக்க மாட்டார். தானே ஊதி, தானே காட்டி, ஈரம் உலரும்வரை விரலால் கோதிவிட்டு நிற்பார், சந்தே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேலி பண்ணும், அவர் காதில் எதுவும் விழாது. அந்தப் புகை வாசனையில்தான் லேத்துச் சந்துக்கு வெள்ளிக்கிழமை என்றே தெரியும்.

போன வருஷம் மரகதத்துக்கு மார்பில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள், அப்புறம் மாசக்கணக்கில் ஊசி. முடி கொட்டும் என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், கொத்துக் கொத்தாக உதிர்வதை இருந்து பார்க்க மாட்டாமல், பக்கத்து வீட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஜெயக்கொடியைக் கூப்பிட்டுப் பின்னலோடு வெட்டிவிடச் சொன்னாள். ஜெயக்கொடி அழுதுகொண்டே வெட்டினாள். ஆறுச்சாமி வாசலில் நின்று, நன்றாக இருந்த ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றையிலிருந்து அவர் அவளைப் பார்க்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், தாங்கு தாங்கென்று தாங்கினார். கஞ்சி வைத்தார், வாந்தி எடுத்த சட்டியைக் கழுவினார், ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்றார், மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினார். ஆனால் நீட்டும்போது அவர் கண் சுவர்க்கடிகாரத்தில் இருக்கும். பேசினால் அவள் தோளைப் பார்த்துப் பேசுவார், இல்லையென்றால் காலைப் பார்த்து. கழுத்துக்கு மேலே அவளுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. தலையில் அவள் துண்டைச் சுற்றிக்கொள்வாள். துண்டு நழுவினால் அவருக்கு உடனே கொல்லைப்புறத்தில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஊசியெல்லாம் முடிந்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் இதே கதைதான். முடி மட்டும் இன்னும் வருவதாக இல்லை. மரகதத்துக்கு முடி பற்றிக் கூட அவ்வளவு கவலை இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை என் தலையை நேராகப் பார்க்க மாட்டாரா என்பதுதான் அவளுக்குக் கவலை. அருவருப்புப் படுகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கேட்கவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன பண்ணுவது?

முடி முளைப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அவர் காரின் முன்பக்கத் தட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கடிகாரத்திடம், "ஓட்டை அகண்டு போச்சு அம்மிணி, முடிஞ்சாப் பாரு, இல்லீன்னாப் போகுது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஸ்பிரிங் ஏறி நிற்கிற தட்டு அது. கார் குதித்து விழும்போது மொத்த அடியையும் வாங்குவது. மரகதம் கழுவினாள், ஈர உப்புத்தாளால் தேய்த்தாள், ஓரத்துக்குப் பசை ஓட்டினாள், ஓட்டைக்குச் சுற்றலாம் என்று டப்பாவைத் திறந்தால் கார்பன் நூல் தீர்ந்துபோயிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அன்றைக்கு ஒரு கோபம், யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம். பீரோவைத் திறந்து, துணிப்பையில் சுருண்டு கிடந்த தன் பின்னலை எடுத்து, அதிலிருந்து ஒரு கற்றையைப் பிரித்து, அதுவும் கறுப்பு இதுவும் கறுப்பு, பார்க்கத்தான் மாட்டேங்கிறீர்கள், ஓட்டவாவது ஓட்டுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டையைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, பசை அப்பி, கிளிப் போட்டு வைத்தாள்.

காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டின் ஓட்டையைச் சுற்றி எறும்பின் கால் அளவுக்கு முடி. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தாள், மத்தியானம் மறுபடி இருந்தது. காரில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்த்தாள். அந்த வாரக் கடைசிக்குள் ஒரு சாண் வளர்ந்து, காரின் மூக்கு மேல் விழுந்து, மின்விசிறிக் காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது.

வாரம் முழுக்க மேஜைப் பக்கமே திரும்பாத ஆறுச்சாமி, சனிக்கிழமை வேலை விட்டதும் காரைத் தேடி வந்தார், பார்த்தார், செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து காரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முடியை விரலால் கோதினார். நுனியைச் சுண்டிப் பார்த்தார். பிறகு அந்த மனுஷன், ஆபரேஷன் அன்றைக்குக் கூடக் கண் கலங்காதவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். மரகதம் கதவோரம் துண்டோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை.

சந்துக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் வந்தவள் ஜெயக்கொடி. வந்தாள், குனிந்தாள், இரண்டு விரலால் முடியை நீவிப் பார்த்தாள். "மரகதக்கா, நுனி வெடிச்சிருக்குது, வாராவாரம் எண்ணெய் வெக்கோணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது போல அன்று சாயங்காலமே விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து கொண்டுவந்துவிட்டாள். பார்லரில் வேலை பழக வருகிற பெண்களுக்கு நாலு கால் பின்னலும் மீன்முள் பின்னலும் சொல்லிக்கொடுக்க அந்தக் கார்தான் தோது என்று கண்டுகொண்டாள், ஏனென்றால் அது "வலிக்குதுக்கா" என்று கத்துவதில்லை.

அப்புறம் யார்தான் வரவில்லை? லேத்துப் பட்டறைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, நல்ல வளத்தி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூக்காரம்மா தினம் ஒரு முழம் மல்லிகையை வாசலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நிற்காமல் போனாள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், ஊரெல்லாம் அலைந்து உச்சந்தலையில் வழுக்கை விழுந்தவர், காரின் முன்னால் சித்த நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார். சந்தின் வாட்ஸப் குழுவில் தண்ணீர் வராத சண்டைக்கு நடுவே, சடையம்மிணிக்கு இந்த வெள்ளி யார் சீயக்காய் கொண்டுவருவது என்ற பேச்சும் ஓடியது. ஆமாம், பெயரும் வைத்துவிட்டார்கள், சடையம்மிணி. வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி பேட்டரியைக் கழற்றி, மோட்டாரைக் கழற்றி, தண்ணீர் படக் கூடாத சாமானையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் குளிப்பாட்டுவார், பிறகு சாம்பிராணி. ஒரு வருஷமாக இல்லாத வாசனை சந்தில் மறுபடி எழுந்ததும் ஜன்னல்கள் திறந்தன, ஆனால் இந்தத் தடவை யாரும் கேலி பண்ணவில்லை.

கார் ஓட்டுகிற சங்கத்துக்கும் சேதி போயிற்று. செல்போன் கடை வைத்திருக்கும் டைட்டஸ்தான் அதற்குத் தலைவர். நல்ல மனுஷன், ஆனால் எதையும் கூட்டம் போட்டுத்தான் பேசுவார். கூட்டத்தில் ஒரு பல் டாக்டர், பந்தயத்துக்குக் காரின் அகலத்தை முடியோடு அளப்பதா முடி இல்லாமல் அளப்பதா என்று கேள்வி எழுப்பினார். முட்டை மண்டி வைத்திருக்கிற ஒருவர் எழுந்து, "பொம்பளப் புள்ளைக பந்தயத்துல ஓடறப்ப சடையையுமாங் சேர்த்து அளக்கறாங்க?" என்று கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைசியில், இரட்டைச் சடையாகப் பின்னி மடித்து ரிப்பன் கட்டினால் ஓட்டலாம் என்று முடிவாயிற்று. டைட்டஸ் சொந்தக் கைக்காசில் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் முடி ரிப்பனுக்கு அடங்குகிற முடியா? மைதானத்தின் இரண்டாவது வளைவிலேயே ஒரு சடை அவிழ்ந்து, முன்சக்கர அச்சில் சுற்றி, கார் குட்டிக்கரணம் போட்டுப் புழுதியில் கவிழ்ந்தது. ஆறுச்சாமி ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, மற்ற கார்கள் சீறிக்கொண்டு வருகிற தடத்துக்குள்ளேயே ஓடி, அதை வாரியெடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். பந்தயம் முழுக்க நடந்து முடிகிறவரைக்கும் அச்சில் சிக்கிய முடியை ஒவ்வொன்றாக, ஒன்று கூட அறாமல், பிரித்துக்கொண்டே இருந்தார். "நுனியில சித்த வெட்டி விட்டுட்டா செரியாப் போயிருங்கண்ணா" என்று டைட்டஸ் சொன்னதற்கு அவர் பார்த்த பார்வையில் டைட்டஸ் வாயை மூடிக்கொண்டார். "இனி இதை நான் ஓட்டறதா இல்லீங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் கார் முன்னறையில் பலகை மேல் குடியேறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கும் போவதில்லை, காரின் பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஆற்றிக் கொடுப்பது யார்? துண்டு கட்டிய மரகதம்தான். முடிக்காரி காப்பி ஆற்றிக்கொண்டிருக்க, முடி பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "மரகதம், உன்ற முடி என்னமா மின்னுது பாரு!" என்று அவளிடமே சொல்லிவிட்டு, டம்ளரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவள் தலையைப் பார்ப்பது எல்லோருக்குமே சங்கடமாக இருந்தது, பார்ப்பதற்கு இப்போது அங்கே வேறொன்று தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

"என்ற முடிக்கு நானே சக்களத்தியாப் போனேனே" என்று மரகதம் ஒரு நாள் அடுக்களையில் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அடுப்பை அணைக்க மறந்ததில் பால் பொங்கி வழிந்தது.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு நாள் காப்பி கொடுக்கப் போகும்போது வேண்டுமென்றே துண்டைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனாள். அது நழுவித் தோளில் விழுந்தது. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, "அட, மணி ஆயிப்போச்சே" என்றார், ஞாயிற்றுக்கிழமை எந்த மணி அவருக்கு ஆயிற்றோ தெரியவில்லை. இன்னொரு நாள், "தலை அரிக்குதுங்க, என்னன்னு பாருங்களேன்" என்றாள். "டாக்டரைக் கேட்டுப்போடலாம்" என்று தரையிடம் சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு காரிடம் போனார். அன்றைக்கு அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இப்படியிருக்கையில் திருப்பூர்ப் பக்கமிருந்து தனபாக்கியம் என்று ஒருத்தி வந்தாள். பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறவள், வயது முப்பதைத் தாண்டியிருக்காது, தலையை இறுக்கமாகச் சுற்றிய பூப்போட்ட துணி. அவளுக்கும் அதே வியாதி, அதே ஊசி. சடையம்மிணியிடம் ஒரு முடி வாங்கித் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டால் நல்லது என்று யாரோ சொல்லி, பஸ் ஏறி வந்திருந்தாள். ஆறுச்சாமி கடைக்குப் போயிருந்தார். மரகதம் முன்னறையைக் காட்டினாள். தனபாக்கியம் காரை ஒரு பார்வை பார்த்தாள், கும்பிட்டாள், அப்புறம் திரும்பி மரகதத்தின் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க்கா, அந்த முடிக்காரி நீங்கதானுங்?"

"நானேதான்."

"அப்ப உங்களுக்கும் இல்லீங்களா?"

மரகதம் துண்டை அவிழ்த்தாள். தனபாக்கியமும் தன் துணியை அவிழ்த்தாள். இரண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி, வெட்கமே இல்லாமல், துணிக்கடையில் சேலை பார்க்கிற மாதிரி, முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

"உங்களது நல்ல உருண்டையா இருக்குதுங்க்கா" என்றாள் தனபாக்கியம்.

"உன்றது பின்னால சித்தத் தட்டை."

"எங்கம்மா தூளியில ஒரே பக்கமாப் போட்டுட்டாளாட்ட இருக்குதுங். முடி இருந்தப்ப யாருக்குத் தெரிஞ்சுது? இப்ப என்ற ஊட்டுக்காரரு தெனம் வந்து, தேங்காய்க்கடையில தட்டிப் பாக்கறாப்பல தட்டிப் பாத்து, 'இன்னும் முத்துலடி'ங்கறாரு. உங்க ஊட்டுல அண்ணன் என்னங் சொல்றாரு?"

மரகதம் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் திரும்பி அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. "பாத்தாத்தான கண்ணு சொல்றதுக்கு" என்று விக்கி விக்கிச் சொன்னாள். தனபாக்கியம் அவளைக் கட்டிக்கொண்டாள். கேட்டு வந்த முடியை அவள் கடைசியில் கேட்கவே இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு, துணியைக் கட்டிக்கொள்ளாமல் பையில் போட்டுக்கொண்டு, வெறுந்தலையோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஆறுச்சாமி திரும்பி வந்தபோது மரகதம் முன்னறையில் காரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி அவள் மடியிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் ஜெயக்கொடியிடம் வாங்கி வந்த கத்தரிக்கோல். துண்டு கொடியில் தொங்கியது.

"இதை வெட்டோணுங்க" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். கண் கடிகாரத்துக்குப் போயிற்று. "வேண்டாம் அம்மிணி."

"கார் ஓடோணுமா வேண்டாமா? ஓடறதுக்குத்தான நான் பண்ணிக் குடுத்தேன்? இப்படிப் பூ வெச்சுக் கும்புடறதுக்கா?"

"ஓடாட்டிப் போகுது."

"ஏன்னு சொல்லுங்க. எனக்கு ஏன்னு தெரியோணும்."

கத்தரிக்கோல் வாங்கிப் போன சேதி அதற்குள் பரவி, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெட்டாதே மரகதம், சாமி குத்தமாயிரும் என்று யாரோ சொன்னார்கள். மரகதம் எழுந்து போய், "என்ற முடி, என்ற ஊட்டுக்காரரு, என்ற ஊடு. அல்லாரும் சித்த வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

ஆறுச்சாமி சுவரோடு சுவராக நின்றார். பேச ஆரம்பித்தபோது குரல் யாருடையதோ போல இருந்தது. "உன்ற தலையைப் பாத்தா எனக்கு நீ போயிருவியோன்னு இருக்குது அம்மிணி. அன்னைக்கு ஜெயக்கொடி வெட்டுனா பாரு, அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுது, அப்பவே நீ பாதி போயிட்டேன்னு இருந்துச்சு. அப்பறம் இது முளைச்சுது. முடி வளருதுன்னா ஆளு இருக்கறான்னுதான அர்த்தம்? இது வளர்ற வரைக்கும் நீ இருப்பேன்னு நெனச்சுட்டு இருக்கறேன். இதை வெட்டி, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மரகதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அட கூறுகெட்ட மனுஷா! அருவருப்பு இல்லை, பயம். ஒரு வருஷமாக அவள் அழுத அழுகையெல்லாம் இந்த ஆளின் பயத்துக்கா? அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கலாம் போலவும் இருந்தது.

"அது வளர்றது அது பாட்டுக்கு. நான் இருக்கறது நான் பாட்டுக்கு" என்றாள். "நம்பிக்கை இல்லீன்னா நீங்களே வெட்டுங்க. வெட்டி வெட்டிப் பாருங்க, நான் இருக்கறனா இல்லையான்னு."

கத்தரிக்கோலை நீட்டினாள். அவர் வாங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. வாங்கி, அவள் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சிறு கற்றையைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டினார். உடனே கண்ணைத் திறந்து, பதறி, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கறயா?"

"இருக்கறேன்."

இன்னொரு கற்றை. வெட்டினார், நிமிர்ந்தார்.

"இருக்கறயா?"

"இங்கதான இருக்கறேன்."

வாசலில் நின்ற சந்துக்குச் சாத்திய கதவு வழியாக அது மட்டும்தான் கேட்டது: கத்தரிக்கோல் சத்தம், ஒரு கேள்வி, ஒரு பதில், மறுபடி கத்தரிக்கோல், மறுபடி கேள்வி, மறுபடி பதில். முதலில் கிசுகிசுத்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனார்கள். ஒவ்வொரு தடவை அவர் கேட்கும்போதும் மொத்தச் சந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டது, இருக்கறேன் என்று உள்ளேயிருந்து வந்ததும் மூச்சை விட்டது. ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். லேத்துப் பட்டறைக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே முடி தரையில் குவிந்துகொண்டே போயிற்று. முதலில் பயந்து பயந்து பார்த்தவர், போகப் போகச் சும்மாவே பார்க்க ஆரம்பித்தார். வெட்டுவது மெதுவாயிற்று, பார்ப்பது நீண்டுகொண்டே போனது. நெற்றி எங்கே முடிகிறது என்று பார்த்தார். உச்சியில் இத்தனை நாளும் துண்டுக்குள்ளேயே கிடந்து வெளுத்துப் போயிருந்த தோலைப் பார்த்தார். காது இரண்டும் இவ்வளவு பெரிசா என்று பார்த்தார். இருக்கறயா என்று கேட்பது எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தட்டில் வெட்டுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை, கத்தரிக்கோல் வெறும் காற்றில் திறந்தபடி இருந்தது, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க" என்றாள் மரகதம். "எனக்குக் கூச்சமா இருக்குது."

"ஏன் அம்மிணி, காதுக்குப் பின்னால உனக்கு ஒரு மச்சம் இருக்குதே. இத்தனை வருசத்துல ஒரு நாளாவது சொன்னயா?"

"எனக்கு எப்படீங்க தெரியும்? முடிக்குள்ள கெடந்திருக்கும். எங்க?"

ஆறுச்சாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க" என்றார்.